காஞ்சி வரை வந்து கடல் கடவாதவர்

காஞ்சிபுரத்தைக் கோயில் நகரம் என்பர்; பட்டு நகரம் என்பர்; கல்வி நகரம் என்றும் கூறுவர். அதைக் கடலோடு சேர்த்து எண்ணுவார் மிகச் சிலரே. ஊரின் எல்லையில் நின்று பார்த்தால் ஏரிகளும் வயல்களுமே தெரியும். பல்லவர் கடற்கரையாகிய மாமல்லபுரமோ ஏறக்குறைய 65 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஆயினும் ஒரு காலத்தில், இலங்கைத் தீவைக் காண விரும்பிய தூர தேசத்தார், "காஞ்சிக்குப் போங்கள், அங்கிருந்து மூன்று நாள் கடற்பயணந்தான்" என்று சொல்லக் கேட்டு இவ்வூரை நாடி வந்தனர். அவ்வாறு வந்தவர்களுள் மிகப் பெயர் பெற்ற ஒருவர், தீவைக் காணாமலே திரும்பிப் போனார். அவர் ஏன் திரும்பினார் என்பதையும், கப்பலேறிச் சென்று அயல் கரையில் இறங்குவோர் அவரிடம் கற்க வேண்டியது என்ன என்பதையும் மாணவர்களாகிய உங்களுக்கு இன்று எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

இந்தப் பழங்கதையை மீண்டும் எடுத்துப் படிக்கும்படி செய்தவர் என் பழைய மாணவர் ஒருவர். 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கைக்கு உல்லாசக் கப்பல் ஒன்று செல்லத் தொடங்கியது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய மூன்று துறைகளை அது தொட்டு வந்தது. அவ்வாண்டு அதில் தம் பெற்றோரை அழைத்துச் செல்ல அந்த மாணவர் எண்ணினார். அவருடைய தந்தை பிள்ளையார்பாளையத்தில் நாற்பது ஆண்டுக் காலம் குழித்தறியில் அமர்ந்து பட்டு நெய்தவர். மாமல்லபுரத்துக் கரையில் நின்று கடலைப் பார்த்ததன்றி, கடல்மேல் சென்றறியாதவர்.

ஒருநாள் மாலை தந்தையும் மகனும் என் வீட்டிற்கு வந்தனர். மகன் கையில் ஒரு தாள் இருந்தது. அனுராதபுரம், சிகிரியா, கண்டி, கதிர்காமம், திருக்கோணேசுவரம், நயினாதீவு, நல்லூர் என்று பதினைந்துக்குக் குறையாத இடங்கள் அதில் எழுதப்பட்டிருந்தன.

"ஐயா, கப்பல் ஒவ்வோர் ஊரிலும் எட்டு மணி நேரந்தான் நிற்கும் என்கிறார்கள். இவற்றுள் எதைப் பார்ப்பது, எதை விடுவது? நீங்கள்தாம் சொல்ல வேண்டும்" என்றார் மகன்.

"இரண்டு நாள் பொறுங்கள் தம்பி. மூன்று பேரைக் கேட்டுச் சொல்லுகிறேன்" என்றேன்.

"இலங்கையில் உங்களுக்கு அறிந்தவர் இருக்கிறார்களா?" என்று வியந்தார் தந்தை.

"இலங்கையில் இல்லை, என் புத்தக அலமாரியில் இருக்கிறார்கள்" என்று சொல்லி அனுப்பினேன்.

அம்மூவரும் புத்த பிக்ஷுக்கள். முதலாமவர் பாஹியான்; இரண்டாமவர் வஜ்ரபோதி; மூன்றாமவர் யுவான் சுவாங். காலமுறைப்படி யுவான் சுவாங் இருவருக்கும் இடையில் வர வேண்டும். இவ்வுரையின் நாயகர் அவரேயாதலால் அவரை இறுதியில் வைத்துக்கொள்கிறேன்.

பாஹியான் 399-ஆம் ஆண்டில் சீன நாட்டுச் சாங்கான் நகரிலிருந்து தரை வழியாகப் புறப்பட்டார். பௌத்த சங்கத்தாரின் ஒழுக்க நூல்கள் அவர் நாட்டில் குறைபட்டுக் கிடந்தன. அவற்றின் நல்ல படிகளைத் தேடிக் கொணர்வதே அவர் நோக்கம். வட இந்தியாவில் பல ஆண்டுகள் கழித்தபின், வங்கக் கரையிலிருந்த தாம்ரலிப்தித் துறையில் ஒரு வாணிகக் கப்பலில் ஏறினார். அது குளிர்காலத் தொடக்கம். வடகிழக்கிலிருந்து வீசும் வாடைக்காற்று பாய்மரத்தைத் தள்ள, 14 நாளில் கப்பல் இலங்கையை அடைந்தது.

அங்கே அவர் இரண்டு ஆண்டுகள் தங்கினார். அனுராதபுரத்து அபயகிரி விகாரத்தையும், தந்ததாது விழாவையும் கண்டு எழுதினார். தாம் தேடிய நூல்கள் சிலவற்றையும் பெற்றார். ஆனால் அவருடைய பயணக் குறிப்பில் படிப்போர் மனத்தை உருக்குவது இவற்றுள் எதுவும் அன்று. அபயகிரியில் பச்சை மணிக்கல்லாலான ஒரு புத்தர் உருவம் இருந்தது. அதன் அருகில் யாரோ ஒரு வாணிகன் வெண்பட்டு விசிறி ஒன்றைக் காணிக்கையாக வைத்திருந்தான். அது சீன நாட்டுப் பட்டு. உடன் புறப்பட்ட தோழர்களில் சிலர் இறந்துபட, சிலர் பிரிந்து போக, தனித்து நின்ற அந்த முதியவர் அதைக் கண்டதும் தம்மை அறியாமல் கண்ணீர் விட்டார்.

நெசவாளர் ஊரில் பிறந்த எனக்கு இந்தப் பகுதியைப் படிக்குந்தோறும் நெஞ்சு கனக்கிறது. புதிய நாட்டைக் காணச் சென்றவரின் உள்ளத்தைத் தொட்டது, அங்கே தமக்கு முன்பே வந்து சேர்ந்திருந்த தம் நாட்டுப் பொருள். இது அவர் திட்டமிட்டுத் தேடியதன்று. இரண்டு ஆண்டு இருந்து பொறுமையாகப் பார்த்தவர் கண்ணில் பட்டது, அவ்வளவே.

அக்காலக் கப்பல் நாழிகை பார்த்து ஓடியதில்லை. காற்றைப் பார்த்து ஓடியது. வாடை நின்று தென்மேற்குக் காற்று எழும் வரையில் வந்தவர் கரையிலேயே இருக்க வேண்டும். ஆகையால் பயணிக்குக் காலம் தாராளமாகக் கிடைத்தது. கடலில் அவனுக்குப் பாதுகாப்புத்தான் இல்லை. பாஹியான் இலங்கையிலிருந்து ஏறிய பெரிய கப்பலில் 200-க்கு மேற்பட்டோர் இருந்தனர். சில நாளிலேயே புயல் எழுந்து கப்பலில் நீர் புகுந்தது. வணிகர் தம் சரக்குகளைக் கடலில் எறிந்தனர். எங்கே தம் நூல்களையும் எறிந்துவிடுவார்களோ என்று அவர் அஞ்சினார். 13 நாள் அலைந்து ஒரு தீவை அடைந்து ஓட்டையை அடைத்துக்கொண்டபின், மேலும் 90 நாளுக்குமேல் கடலில் சென்றே அடுத்த நாட்டைக் கண்டனர். இன்று நாம் எட்டு மணி நேரம் போதவில்லை என்று குறைப்படுகிறோம். குறித்த நாளில் வீடு திரும்புவோம் என்ற உறுதிக்கு நாம் கொடுக்கும் விலை அது என்று அறிதல் வேண்டும்.

அடுத்து, வஜ்ரபோதி. 671-ஆம் ஆண்டில் தென்னாட்டில் பிறந்து, நாலந்தாவில் கற்றவர் இவர். காஞ்சியில் இராசசிம்மன் என்னும் இரண்டாம் நரசிம்மவர்மன் ஆண்ட காலத்தில் இவர் இங்கு வாழ்ந்தார். நம் கைலாசநாதர் கோயிலைக் கட்டிய மன்னன் அவனே. நாட்டில் தொடர்ந்து மழையின்றி வறட்சி வாட்டியபோது, மழை வேண்டி வழிபடுமாறு மன்னன் இவரைக் கேட்டுக்கொண்டதாகச் சீன நாட்டு வரலாறு கூறுகிறது.

வஜ்ரபோதி இலங்கைக்கு இருமுறை சென்றார். முதல் முறை யாத்திரிகராகச் சென்று, அபயகிரியில் ஏறக்குறைய ஆறு மாதம் தங்கி, பின்னர்த் திருவடிச் சுவடு பொறித்த மலையின்மேல் ஏறி வணங்கித் திரும்பினார். இரண்டாம் முறை சீன நாட்டுக்குச் செல்லும் வழியில் அங்கே இறங்கினார். பல்லவ மன்னன் சீனப் பேரரசருக்கு அனுப்பிய காணிக்கைகளோடு ஒரு தூதனும் உடன் சென்றான். கப்பல் ஒரு பகல் ஓர் இரவில் இலங்கைத் துறையொன்றைச் சேர்ந்தது. இரத்தினங்கள் வாங்க வந்த 35 பாரசீகக் கப்பல்கள் அங்கே நின்றன என்று அவர் வரலாறு எண்ணிச் சொல்கிறது. இலங்கை வேந்தன் அவரை அரண்மனைக்கு அழைத்து ஒரு திங்கள் வைத்து உபசரித்தான். அதன்பின் கப்பல் சுமத்திராவிலிருந்த ஸ்ரீவிஜயத்தை நோக்கிச் சென்றது. 719-ஆம் ஆண்டை ஒட்டி அவர் சீனக் கரை சேர்ந்தார். 741-இல் அந்நாட்டிலேயே காலமானார்.

இவ்விரண்டு வருகைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் முறை தீவைக் காண்பதே நோக்கம். ஆகவே மலை உச்சி வரையில் சென்றார். இரண்டாம் முறை தீவு ஒரு நிறுத்தமே. போக வேண்டிய ஊர் வேறு. அப்போது அவர் மலையேறியதாக வரலாறு பேசவில்லை. அழைத்த வேந்தனின் அரண்மனையில் இருந்தார். கப்பல் புறப்பட்டபோது புறப்பட்டார். இடைவழியில் இறங்குபவன், அந்நாட்டுக்கே சென்றவனைப் போல எல்லாவற்றையும் கண்டுவிட முயலுதல் தகாது. உல்லாசக் கப்பலில் செல்வோர்க்கு இதுவே முதற்பாடம்.

இனி யுவான் சுவாங்கிடம் வருவோம். 629-ஆம் ஆண்டில் சீனத்தை விட்டுப் புறப்பட்ட இவர், நாலந்தாவில் சீலபத்திரர் என்னும் பேராசிரியரிடம் யோக சாஸ்திரத்தைப் பல ஆண்டுகள் பயின்றார். கீழ்த்திசைக் கரைக்கு வந்தபோது இலங்கையைப் பற்றிக் கேள்வியுற்றார். அங்கே அந்தச் சாஸ்திரத்தை நன்கு விளக்க வல்லார் இருப்பதாகச் சொன்னார்கள். உடனே கப்பலேற நினைத்தார். அப்போது தென்னாட்டுப் பிக்ஷு ஒருவர் அவரைத் தடுத்தார். நெடுங்கடலில் புயலும் பேரலையும் உண்டு; தென்னாட்டின் கோடியிலிருந்து சென்றால் மூன்று நாட் பயணமே; தரை வழியே சென்றால் இடையிலுள்ள நாடுகளையும் காணலாம் என்று அவர் அறிவுரை கூறினார். பயணத் திட்டத்தில் இதனினும் சிறந்த யோசனை வேறு உண்டோ? யுவான் சுவாங் அதனை ஏற்றார். கலிங்கம், ஆந்திரம் முதலிய நாடுகளைக் கடந்து, 640-ஆம் ஆண்டை ஒட்டிக் காஞ்சிக்கு வந்து சேர்ந்தார். அப்போது இங்கே அரியணையில் இருந்தவன் மாமல்லன் என்னும் முதலாம் நரசிம்மவர்மன்.

காஞ்சியைத் தலைநகராகக் கொண்ட நாட்டில் நூறு பௌத்தப் பள்ளிகளும், பதினாயிரம் பிக்ஷுக்களும், எண்பது தேவாலயங்களும் இருந்தன என்றும், சமணர் மிகுதியாக வாழ்ந்தனர் என்றும் யுவான் சுவாங் எழுதினார். நாலந்தாவில் புகழுடன் விளங்கிய தருமபாலர் பிறந்த ஊர் இது என்பதையும் மறவாமல் குறித்தார். தீவுக்குச் செல்ல வேண்டியதுதான் பாக்கி.

அந்த வேளையில் தீவே அவரை நாடி வந்தது. இலங்கையிலிருந்து 300 பிக்ஷுக்கள் காஞ்சிக்கு வந்து இறங்கினர். போதிமேகேசுவரர், அபயதம்ஷ்டிரர் என்ற இருவர் அவர்களுக்குத் தலைவர்கள். யுவான் சுவாங் அவர்களைக் கண்டு, "உங்கள் நாட்டுக்குச் செல்லவே நான் வந்திருக்கிறேன், நீங்கள் ஏன் இங்கு வந்தீர்கள்?" என்று வினவினார். தங்கள் வேந்தன் இறந்தான், நாட்டில் பஞ்சமும் குழப்பமும் மிகுந்தன, நிற்க இடமின்றி வந்தோம் என்ற கருத்தில் அவர்கள் விடை கூறினர்.

அவர் அதனோடு விட்டுவிடவில்லை. யோக சாஸ்திரத்தில் கடினமான பகுதிகளை எடுத்துரைத்து அவர்களிடம் விளக்கம் கேட்டார். அவர்கள் சொன்னவை, சீலபத்திரர் சொன்னவற்றுக்கு மேற்படவில்லை. தீவுக்குச் செல்ல எண்ணியது எதன் பொருட்டு? நூற்பொருள் அறியும் பொருட்டு. அந்தப் பயன் அங்கே கிடைக்கப்போவதில்லை. நாடோ துன்பத்தில் இருக்கிறது. ஆகவே பயணத்தைக் கைவிட்டார். வந்தவர்களுள் எழுபதின்மருக்கு மேற்பட்டோர் துணை வர, வடமேற்கு நோக்கிப் புறப்பட்டார்.

ஆயிரக்கணக்கான கல் நடந்து, மூன்று நாட் பயணத்தில் எட்டக்கூடிய இடத்தை விட்டுத் திரும்புதல் எளிதன்று. ஆயினும் அவர் திரும்பினார். 645-ஆம் ஆண்டில் நாடு திரும்பி, அடுத்த ஆண்டு தம் பயண நூலை முடித்தபோது, இலங்கையைப் பற்றியும் எழுதினார். அதைத் தாம் சென்று கண்ட நாடாகக் காட்டிக்கொள்ளவில்லை. கேட்டறிந்த நாடாகவே வைத்து எழுதினார். காணாததைக் கண்டதாக எழுதாமை வரலாற்றாசிரியனுக்கு இருக்க வேண்டிய முதற்குணம்.

பஞ்சம் வந்த நாட்டுக்கு விருந்தினனாகச் செல்வதைப் பற்றி அவர் என்ன எண்ணினாரோ, நான் அறியேன்; என் எண்ணத்தைச் சொல்கிறேன். பசித்த ஊரில் போய் இறங்கும் பயணி, அவ்வூர்ப் பிள்ளைகள் உண்ண வேண்டிய சோற்றில் பங்கு கேட்கிறான். 2022-ஆம் ஆண்டில் இலங்கையில் எரிபொருளும் உணவும் மருந்தும் தட்டுப்பட்டு, சில குடும்பங்கள் படகேறித் தனுஷ்கோடிக் கரையில் வந்து இறங்கினதை நீங்கள் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். அப்படிப்பட்ட காலத்தில் பயணத்தை ஒத்திவைத்தலும், நிலைமை திருந்தியபின் சென்று அவர்கள் கடைகளில் பொருள் வாங்குதலும் இரண்டுமே நட்புச் செயல்கள்தாம்.

யுவான் சுவாங்கின் கதையை நான் உள்ளபடி உணர்ந்தது புத்தகத்தால் அன்று. 1983-ஆம் ஆண்டில் ஆசிரியப் பயிற்சியை முடித்தபோது எனக்கு வயது 23. உடன் பயின்ற நண்பர் இருவரோடு அனுராதபுரத்தைக் காணத் திட்டமிட்டேன். அந்நாளில் இராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் போக்குவரத்து இருந்தது. 1914-இல் தனுஷ்கோடியிலிருந்து தொடங்கி, 1964 டிசம்பர்ப் புயலில் அவ்வூர் அழிந்தபின் இராமேசுவரத்துக்கு மாறிய வழி அது. ஆகஸ்டு மாதத்தில் புறப்படுவதாக இருந்தோம். ஜூலை மாத இறுதியில் இலங்கையில் தமிழர்மீது பெருங்கொடுமை நிகழ்ந்தது. நாங்கள் போக இருந்த கடல் வழியே அவர்கள் வரத் தொடங்கினர். மண்டபத்தில் முகாம் நிறைந்தது. மறு ஆண்டில் கப்பலும் நின்றது. எழுதி வைத்த பயணத் திட்டத்தை மடித்து வைத்தேன்.

எட்டு ஆண்டுகள் சென்றன. 1991-இல் நான் வரலாற்று ஆசிரியனாக இருந்த பள்ளியில், முகாம் ஒன்றிலிருந்து ஒரு மாணவன் ஒன்பதாம் வகுப்பில் வந்து சேர்ந்தான். திருகோணமலைப் பக்கத்தைச் சேர்ந்தவன்; முன் ஆண்டில் குடும்பத்தோடு வந்தவன். ஒருநாள் வகுப்பில் யுவான் சுவாங் காஞ்சிக்கு வந்ததையும், 300 பிக்ஷுக்கள் இலங்கையிலிருந்து வந்ததையும் விவரித்தேன். பாடம் முடிந்து, "ஐயம் உண்டா?" என்று கேட்டேன். அதுவரையில் வகுப்பில் வாய் திறவாத அந்தப் பையன் எழுந்து நின்றான்.

"சேர், அந்த முந்நூறு பேரும் பிறகு திரும்பிப் போனார்களா?" என்றான்.

வகுப்பு அமைதியாயிற்று. எழுபது பேர் யுவான் சுவாங்கோடு சென்றனர் என்ற அளவில் அந்த நூல் நின்றுவிடுகிறது. மற்றவர் என்ன ஆயினர் என்று அது பேசுவதில்லை. அதையே அவனிடம் சொன்னேன். அவன் தலையசைத்து அமர்ந்தான். பல முறை அக்கதையைச் சொல்லியிருந்தும், அந்தக் கேள்வி எனக்கு ஒருமுறையும் தோன்றியதில்லை. நான் எப்போதும் கப்பலேற நினைத்த யாத்திரிகனின் பக்கத்தில் நின்றே கதையைப் பார்த்திருந்தேன். வந்து இறங்கியவர்களின் பக்கத்தில் நின்று பார்க்க அந்தப் பையனே கற்றுக் கொடுத்தான்.

அதன்பின் யுவான் சுவாங் செய்ததையே நானும் செய்தேன். அந்த நாட்டைப் பற்றி அங்கிருந்து வந்தவனைக் கேட்டேன். அவன் தன் வரலாற்று நோட்டின் ஒரு தாளில் திருகோணமலையை வரைந்து காட்டினான். துறைமுகத்தின் வளைவு, கோட்டை, அதற்குள்ளே ஏறிச் செல்லும் பாதை, கடலுக்குமேல் செங்குத்தாக நிற்கும் பாறை, அதன்மேல் கோணேசர் கோயில், ஊருக்கு வெளியே கன்னியாவில் சிறு சிறு கிணறுகளாக ஏழு வெந்நீரூற்றுகள். "ஒவ்வொரு கிணற்றிலும் சூடு வேறு வேறு சேர்" என்றான். அந்தத் தாளை எனக்கே கொடுத்துவிட்டான். பள்ளியை விட்டு அவன் குடும்பம் வேறு முகாமுக்குப் போயிற்று. தாள் என்னிடம் இருக்கிறது.

இரண்டு நாள் கழித்து நெசவாளரும் மகனும் வந்தபோது, இந்த மூவர் கதையையும் சொல்லி, அந்தத் தாளையும் எடுத்து வைத்தேன். பிறகு கணக்குப் பலகையைக் கையில் எடுத்தேன்.

கப்பல் நிற்பது 8 மணி நேரம். இறங்கும் வரிசைக்கும் அனுமதிச் சோதனைக்கும் 1 மணி. கப்பல் புறப்படுவதற்கு 1 மணி முன்னரே திரும்பிவிட வேண்டும். வழியில் வண்டி பழுதுபட்டாலும் அஞ்ச வேண்டாத அளவுக்கு இது தேவை. மீதி 6 மணி. இதில் மூன்றில் ஒரு பங்கிற்குமேல் வண்டியில் கழித்தல் கூடாது. ஆக, போக 1 மணி, வர 1 மணி. அப்படியானால் துறையிலிருந்து முப்பது, நாற்பது கிலோமீட்டருக்குள் இருப்பதே நமக்கு உரியது. திருகோணமலையிலிருந்து அனுராதபுரம் நூறு கிலோமீட்டருக்கு மேல். போய்வருவதிலேயே பொழுது போய்விடும். பாஹியான் இரண்டு ஆண்டில் கண்டதை நாம் இரண்டு மணியில் வண்டிச் சன்னல் வழியே கண்டோம் என்றாகும். ஆகவே அனுராதபுரம் வேண்டாம் என்றேன்.

மகன் முகம் வாடிற்று. தந்தையோ சிரித்தார். "பாவின் நீளம் தெரிந்த பிறகுதானே ஐயா நெய்ய உட்காருகிறோம்? இருக்கிற பாவில் எவ்வளவு வருமோ அவ்வளவுதான் வரும். அது நீளவில்லை என்று தறியோடு சண்டை போட முடியுமா?" என்றார். நான் கால் மணி நேரம் சொல்லியதை அவர் ஒரு வார்த்தையில் முடித்துவிட்டார்.

அதன்பின் திட்டம் எளிதாயிற்று. ஒரு துறைக்கு ஒரு நோக்கம் என்று வைத்துக்கொண்டோம். அம்பாந்தோட்டையில் இறங்கினால், ஒரு மணிப் பயணத்தில் திஸ்ஸமகாராமை; பண்டை உரோகண நாட்டின் தலைநகர் இருந்த இடம்; அங்கே பெருந்தூபியும், அதனருகே பழைய ஏரியும் உண்டு. ஏரிகளால் வாழும் மாவட்டத்தார்க்கு மற்றொரு நாட்டின் ஏரியைக் காணுதல் பாடமாகும். திருகோணமலையில் கோணேசர் கோயில். காலம் இருந்தால் கன்னியா. திருஞானசம்பந்தர் இராமேசுவரத்தில் இருந்தபடியே இத்தலத்தைப் பாடி வணங்கினார் என்று பெரியபுராணம் கூறும். அவரும் யுவான் சுவாங்கைப் போல அதே ஏழாம் நூற்றாண்டில் கடல் கடவாதவர். பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் பதினேழாம் நூற்றாண்டில் இடித்தனர். இன்று நிற்பது பின்னர் எழுந்த கோயில்.

காங்கேசன்துறையில் நயினாதீவுக்குப் போக வேண்டும் என்பது தந்தையின் ஆசை. மணிமேகலை அமுதசுரபி பெற்ற மணிபல்லவம் அத்தீவே என்று அறிஞர் பலர் கருதுவர். அந்தப் பாத்திரத்தோடுதான் அவள் பஞ்சத்தால் வாடிய காஞ்சிக்கு வந்து பசி தீர்த்தாள் என்று காப்பியம் சொல்கிறது. ஒரு காலத்தில் இங்கே பஞ்சம்; தீவில் பெற்ற பாத்திரம் சோறளித்தது. மற்றொரு காலத்தில் அங்கே பஞ்சம்; தீவினர் இங்கு வந்தனர். இந்தக் கதையைச் சொன்னதும் அவருக்கு ஆசை இன்னும் மிகுந்தது. ஆனால் யாழ்ப்பாணத்தைக் கடந்து, கடல்வழிச் சாலையில் குறிகட்டுவான் துறைக்குப் போய், மறுபடி படகேற வேண்டும். கணக்கில் இடம் இல்லை. அதனை விட்டு, துறைக்கு மிக அருகிலுள்ள கீரிமலைக் கேணியும் நகுலேசுவரமும், பிறகு யாழ்ப்பாண நூலகமும் போதும் என்று முடிவு செய்தோம். 1981-இல் எரிக்கப்பட்டு மீண்டும் எழுப்பப்பட்ட அந்த நூலகத்தைப் படித்தவன் ஒவ்வொருவனும் காண வேண்டும்.

கடைசியாக ஒன்று சொன்னேன். "எந்த ஊரில் இறங்கினாலும், இடத்தைப் பார்க்கும் முன் ஒரு மனிதரோடு பேசுங்கள். கேட்காமல் பார்த்தது கண்ணோடு போய்விடும்."

அவர்கள் போய் வந்தனர். தந்தை வந்து சொன்ன செய்திகளுள் ஒன்றை மட்டும் கூறி முடிக்கிறேன். கீரிமலையில் ஒரு சிறு தேநீர்க் கடை. கடைக்காரர் இவர் பேச்சைக் கேட்டு, "நீங்கள் எந்த ஊர்?" என்று கேட்டாராம். காஞ்சிபுரம் என்றதும், தாம் சிறுவயதில் தமிழ்நாட்டு முகாமொன்றில் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்ததையும், அங்கேயே பள்ளிப்படிப்பை முடித்ததையும், போர் ஓய்ந்தபின் குடும்பத்தோடு திரும்பியதையும் சொன்னாராம். தேநீருக்குக் காசு வாங்க மறுத்துவிட்டாராம். நெசவாளர் தாம் கழுத்தில் போட்டிருந்த பட்டு அங்கவஸ்திரத்தை எடுத்து, தம் தறியில் நெய்தது என்று சொல்லி அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தார்.

"அந்தப் பையன் கேட்டான் என்றீர்களே ஐயா, திரும்பிப் போனார்களா என்று? ஒருவர் திரும்பியிருக்கிறார், நான் பார்த்தேன்" என்றார்.

கடைக்காரர் என் மாணவர் அல்லர். வேறு ஊரினர், வேறு குடும்பத்தார். ஆயினும் அன்றிரவு அந்தப் பழைய தாளை எடுத்தேன். மாணவன் வரைந்திருந்த படத்தின் கீழே, "ஒருவர் திரும்பினார். கீரிமலை, 2023" என்று எழுதி வைத்தேன்.